பிரேக் ஆயிலும் பூட்டி வைத்த கருவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஏபிஎஸ் பைக் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது மகன் 2019-இல் வாங்கிய பைக். அந்த ஏப்ரல் முதல்தான் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. இதில் முன்சக்கரத்துக்கு மட்டும் உண்டு. மகன் வெளிநாடு போனபின் நான்தான் ஓட்டுகிறேன்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் முன்பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடுமளவு வந்துவிட்டது. அழுத்தினால் பஞ்சு மாதிரி போகிறது. முதல் கியர், பின்பிரேக் இரண்டையும் நம்பி எப்படியோ ஓரங்கட்டி, மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து, சூடு ஆறியதும் லிவர் ஓரளவு திரும்பி வந்தது.

முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பாஸ்கல் விதிக்கு உதாரணம் கேட்டால் பிரேக்கைத்தான் சொல்லுவேன். திரவம் அழுத்தினால் சுருங்காது, அதனால் விரலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது என்று கரும்பலகையில் படம் போட்டவன், சொந்த வண்டியில் இத்தனை வருடம் அந்தத் திரவத்தை மாற்றவே இல்லை. பெயர்தான் பிரேக் ஆயில். எண்ணெய் கிடையாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ரசாயனம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகி அது கொதிக்கும், ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி சுருங்கும். லிவர் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெரும்பாலான வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். என்ஜின் ஆயில் உண்டு, செயின் ஸ்பிரே உண்டு, பாலிஷ்கூட உண்டு. இது மட்டும் இல்லை. நானும் கேட்கவில்லை.

தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். “ஏர் எடுத்துக் குடுத்துடறேன் சார்” என்றார். காலிப்பர் நிப்பிளில் டியூபை மாட்டி, லிவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து மூடி, பிறகு லிவரை விடுவது. முறையாகத்தான் செய்தார். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது பழைய ஆயில். நடுவில் ஒருவர் பஞ்சர் என்று வந்து நிற்க, இவர் திரும்பிப் பேச, மேலே டப்பா வற்றிக் காற்று உள்ளே போய்விட்டது. அதன்பின் ஒரு மணி நேரம் போராடியும் லிவர் இறுகவில்லை.

அவரே சொன்னார்: “ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள ஏர் போயிருக்கும் சார். அதை எடுக்கற மிஷின் என்கிட்ட இல்ல.” சரியாயிடும் என்று வண்டியைக் கொடுத்திருந்தால் நான் வாங்கிக்கொண்டுதான் போயிருப்பேன்.

அந்த யூனிட்டுக்குள் சின்னச் சின்ன வால்வுகளும் ஒரு பம்பும் இருக்கின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும்போது மட்டும்தான் அவை வேலை செய்யும். மற்ற நேரத்தில் ஒரு பகுதி மூடியே கிடக்கும். அதற்குள் காற்று புகுந்தால் சாதாரணமாக ஏர் எடுக்கும்போது வெளியே வராது. ஸ்கேனரை மாட்டி வால்வையும் பம்பையும் இயக்கி, மறுபடி ஏர் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏபிஎஸ் தேவைப்படும் அன்றைக்கு அந்தக் காற்று லைனுக்கு வரும். மீட்டரில் விளக்கு எரியவில்லையே என்று நம்ப வேண்டாம். அது சென்சார், மின் இணைப்பு போன்றவற்றைத்தான் பார்க்கும், காற்றைப் பார்க்காது.

காலி ரோட்டில் வேகமாகப் போய் சட்டென்று பிரேக் அடித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்ய வைத்து, பிறகு ஏர் எடுக்கலாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். இறுகாத லிவரோடு வேகமாகப் போவதா? நான் ஒப்பவில்லை.

என் ஆதங்கம் இதுதான். சட்டம் போட்டு ஏபிஎஸ்ஸை வண்டியில் ஏற்றினோம், நல்லது. அது வேண்டாம் என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. ஆனால் இலவச சர்வீஸ் முடிந்தபின் நம்மில் எத்தனை பேர் கம்பெனிக்குப் போகிறோம்? வண்டி தெருமுனைக்குத்தான் வருகிறது. கருவியும் செய்முறைக் குறிப்பும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பூட்டிக் கிடக்கின்றன. பாதுகாப்பு விஷயம், பட்டறைக்காரர் தொடக் கூடாது என்கிறார்கள். தொடாமலா இருக்கிறார்? தெரியாமல் தொடுகிறார். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் திறந்த இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. கையில் கிரீஸோடு நிற்கும் இவருக்கு அது எப்போது எட்டும்? நியாயமான விலையில் கருவி, தமிழில் நாலு பக்கம் குறிப்பு, ஐடிஐ-யில் இரண்டு நாள் பயிற்சி. பெரிய செலவா இது?

கடைசியில் வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பட்டறையை மூடிவிட்டு அவரும் கூட வந்தார். முக்கால் மணி நேர வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பல கம்பெனி வண்டிக்கும் பொருந்தும் ஸ்கேனர் ஒன்றை இப்போது விலை விசாரித்திருக்கிறார். பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன். “கடனா எழுதிக்கறேன் சார்” என்றிருக்கிறார்.

உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பில்லைப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.