புதுக்கோட்டைத் தாய்மார்களின் இருதயம்

கர்ப்பிணியின் ரத்தத்தைச் சோதிக்கிறோம், எடையைக் குறித்துக்கொள்கிறோம், கருவிலுள்ள சிசுவை ஒலியலையின் உதவியால் பன்முறை பார்த்து மகிழ்கிறோம். ஆனால் அச்சிசுவைச் சுமக்கும் தாயின் இருதயத்தை அதே ஒலியால் ஒருமுறை பார்ப்பது இன்னும் நம்மிடையே வழக்கமாகவில்லை. அவள் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்கு வந்த பின்னரே பெரும்பாலும் அந்த எண்ணம் எழுகிறது. இதனைப் புதுக்கோட்டை ஜில்லாவை முன்னிட்டுச் சர்க்காரின் கவனத்துக்கும் ஜனங்களின் கவனத்துக்கும் கொணர விரும்புகிறோம்.

இளவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் ஜுரம், மூட்டுக்களைச் சிலநாள் வருத்திவிட்டு மறைந்துபோகிறது. பெற்றோரும் அதனை மறந்துவிடுகின்றனர். இருதயமோ மறப்பதில்லை. அதன் இடப்புறத்து மைட்ரல் வால்வின் இதழ்கள் ஆண்டுக்கணக்கில் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய வழி, ஒன்றரைக்கும் கீழே குறுகிவிடுகிறது. அப்படியிருந்தும் வயல்வேலை செய்துகொண்டு நடமாடும் பெண்கள் உண்டு. கர்ப்பகாலத்தில் உடலின் ரத்தம் ஏறக்குறையப் பாதியளவு பெருகும்போதுதான் விபரீதம் வெளிப்படுகிறது. குறுகிய வாயிலில் வெள்ளம் முட்டி நுரையீரலில் தேங்குகிறது. ஆறாம் ஏழாம் மாதத்தில் அவள் படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். “பிள்ளைத்தாய்ச்சிக்கு இளைப்பு இருக்கத்தான் செய்யும்” என்று வீட்டுப் பெரியோர் தேற்றுகின்றனர். அந்த ஆறுதலே அவளுக்கு எமனாய் முடிவதுண்டு.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மார்பைப் பிளக்காமல், தொடையின் ரத்தக்குழாய் வழியே சிறு பலூனைச் செலுத்தி, ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிடும் முறையை ஜப்பானிய வைத்தியர் கஞ்சி இனோவே 1982-ல் செய்து காட்டினார். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு நுட்பமானது. இருதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்குப் போக, இடைச்சுவரில் ஊசியால் துளையிடவேண்டும். ஊசி சிறிது விலகினால் மகாதமனியையோ வெளிச்சுவரையோ குத்திவிடும். எக்ஸ்ரேயில் உலோகக் கம்பி தெளிவாய்த் தெரியும். மென்தசையாகிய சுவரும் இதழும் தெரியமாட்டா. அங்கே கண்ணாய் நின்று உதவுவது ஒலிதான். மார்பின்மேல் வைத்தோ, உணவுக்குழாய் வழியே இறக்கியோ அனுப்பப்படும் ஒலியலை, ஊசி எவ்விடத்தில் சுவரை அழுத்துகிறதென்பதைக் காட்டுகிறது. உள்ளே ரத்தக்கட்டி ஒளிந்திருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. பலூனைச் சிறிது சிறிதாய் விரித்து, ஒவ்வொரு முறையும் வழி எவ்வளவு திறந்தது, கசிவு உண்டாயிற்றா என்று பார்த்துப் பார்த்து நிறுத்த இடமளிக்கிறது. கர்ப்பிணிக்கு இதனால் மற்றுமொரு நன்மை: சிசுவின்மேல் படும் எக்ஸ்ரேயை மிகவும் குறைக்கலாம். அதனை அறவே விலக்கி, ஒலியின் துணைகொண்டே இச்சிகிச்சையை முடித்த வைத்தியர்களும் உளர்.

இவ்வித்தை ஜகதாப்பட்டினத்து மீனவருக்குப் புதுமையாய்த் தோன்றாது. கடலடிக்கு ஒலியை விட்டு, திரும்பிவரும் எதிரொலியால் ஆழமும் மீன்திரளும் அறியும் கருவி விசைப்படகுகளில் உள்ளதே. இருதயத்தின்மேல் இதனை முதலில் பயன்படுத்திய ஸ்வீடன் தேசத்து எட்லரும் ஹெர்ட்ஸும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பழுதைச் சோதிக்க வைத்திருந்த யந்திரத்தைப் பார்த்தே 1953-ல் வேலையைத் தொடங்கினர். எட்லர் அறிய விரும்பியதும் இந்த மைட்ரல் வால்வின் நோயைத்தான்.

புதுக்கோட்டை, மகாராஜா கல்லூரியில் ஆடவரோடு அமர்ந்து பயின்று 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை ஈன்ற ஊர். 2017-ல் அங்கே சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பலூன் சிகிச்சை புதுக்கோட்டையிலேயே நடக்கவேண்டுமா, திருச்சியிலோ தஞ்சையிலோ நடக்கலாமா என்பது நமக்கு இரண்டாவது பிரச்னை. மணமேல்குடியிலும் ஆவுடையார்கோயிலிலும் கந்தர்வகோட்டையிலும் உள்ள பெண்ணின் நோயை மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடிப்பவர் யார்? அதுவே முதல் கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குப் பணம் தரலாம். நோயைத் தேடிப்போய்க் கண்டுபிடித்துத் தராது.

ஆகையால் கர்ப்பிணி முதன்முறை வரும் நாளிலேயே அவளது மார்பில் குழாய் வைத்துக் கேட்பதும், சந்தேகம் தோன்றினால் எக்கோ எடுப்பதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விதியாக்கப்பட வேண்டும். கையடக்க எக்கோ கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஆளைத் தயாரிப்பதே கடினம். சிகிச்சையின்போது ஊசிக்கு வழிகாட்டும் அளவுக்குத் தேர்ந்த கண், பல்லாயிரம் இருதயங்களைப் பார்த்தே உண்டாகும். யந்திரம் வாங்கித் திறப்புவிழா நடத்துவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் மனப்பான்மை நம்மவரிடம் மிகுதி. ஆகவேதான் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

ஒலிக்கருவி ஊர்தோறும் பரவினால், சிசு ஆணா பெண்ணா என்று பார்க்கும் பாதகம் பெருகுமென்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமே. அதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டத்தை அணுவளவும் தளர்த்தச் சொல்லோம். ஒவ்வொரு கருவியையும் பதிவு செய்யட்டும். கணக்கைக் கண்டிப்பாய்ச் சோதிக்கட்டும். பெண் சிசுவைக் காக்க வந்த சட்டத்தைக் காரணங்காட்டித் தாய்க்குரிய சோதனையை மறுப்பது மட்டும் கூடாது.

ஜுரம் கண்ட சிறுமிகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை பென்ஸதீன் பெனிசிலின் ஊசி தவறாமல் போட்டுவந்தால், அந்த ஜுரம் மீண்டும் வந்து வால்வைக் கெடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம். பலூனின் செலவோடு பார்த்தால் அதன் விலை அற்பம். பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கச் செல்லும் வைத்தியக் குழுவினர், மூட்டு வீங்கிய பிள்ளையின் பெயரைத் தனியே குறித்து, அவள் ஊசிக்கு வராத மாதத்தில் வீடு தேடிச் செல்லும் ஏற்பாட்டை ஜில்லா அதிகாரிகள் இவ்வருஷமே தொடங்கலாம்.