ஏரியைக் காப்போம்; ஏரிக்கரை மக்களை?



"பாதுகாக்கப்பட்ட இயற்கை" என்னும் தலைப்பில் ஓவியம் வரையுமாறு என் மாணவர்களிடம் கூறினேன். மரம், யானை, ஏரி, தாமரை எல்லாம் வந்தன. ஒரு தாளிலும் வீடு இல்லை, மனிதர் இல்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று. அவ்வாறு கற்பித்தது நான்தான்.

நம் மெர்சிங் மாவட்டத்திலேயே, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயிலில், கம்போங் பெத்தா என்னும் ஜாகூன் பூர்வகுடிக் கிராமம் உள்ளது. ஜொகூர்ப் பகுதிப் பூங்கா 1993இல் அரசிதழில் இடம்பெற்றது. அம்மக்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்தவர்கள். ஆயினும் கல்விச் சுற்றுலா செல்லும் நாம் அருவியைப் படம் பிடிக்கிறோம். கிராமத்தைக் கடந்து போகிறோம்.

மக்களைக் கேளாத பாதுகாப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு வடக்கே, பகாங்கில் உள்ள சினி ஏரியைப் பாருங்கள். பன்னிரண்டு நீர்ப்பரப்புகள் இணைந்த நன்னீர் ஏரி; கரையில் ஜாகூன் கிராமங்கள். சுற்றுலாவுக்காக நீரைத் தேக்க 1995இல் தடுப்பணை கட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்தது; கரையோர மரங்கள் பட்டுப்போயின. 2009இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுவே. அதன் பின்னரும் சுற்றுவட்டாரத்தில் சுரங்கமும் காடழிப்பும் தொடர்ந்தன. புகழ்பெற்ற தாமரையும் அருகியது. பெயர்ப்பலகை ஏரியைக் காக்கவில்லை.

"பூர்வகுடிகளும் மரம் வெட்டுகிறார்களே" என்பார் சிலர். ஆம், வீட்டுக்கும் அடுப்புக்கும் வெட்டுகிறார்கள். மலையைத் தோண்ட உரிமம் பெற்றவர் யார்? அணைக்குத் திட்டம் வரைந்தவர் யார்? மீன் குறைவதை முதலில் அறிபவர் கரையில் வலை வீசுபவர். கோப்பில் கையொப்பமிடுபவர் அல்லர்.

சட்டமும் இதனை ஏற்றிருக்கிறது. ஜொகூரில் லிங்கியு அணைக்காக நிலம் இழந்த ஜாகூன் மக்கள், அடோங் குவாவ் உள்ளிட்ட 52 பேர், மாநில அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்றனர். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மூதாதையர் வாழ்ந்து பயன்கொண்ட காட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

இது நமக்குப் புரியாத துயரமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நம் பாட்டன் பாட்டியர் அல்லவா? அவர்கள் நட்ட மரமும் கும்பிட்ட கோயிலும் வரைபடத்தில் இல்லாமல் போயின. அந்த வலி தெரிந்த நாமே பிறர் கிராமத்தைக் காணாமல் போகலாமா?

ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம், அவர் இசைவோடு, பிள்ளைகளைப் பாடம் கேட்கச் செய்யுங்கள். பெற்றோர்களே, உங்கள் தோட்டத்துக் கதையை வீட்டில் சொல்லுங்கள்.

அதே தலைப்பை மாணவர்களுக்கு மீண்டும் கொடுப்பேன். இம்முறை ஏரிக்கரையில் ஒரு வீடாவது இருக்க வேண்டும்.