நெட்டில் தவறவிட்டால் தப்பில்லை

கோடை முகாம் தொடங்கினால் நெட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரும் அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை பந்து ஆடினான் சார்?" என்பதுதான். பௌலிங் மெஷினில் ஒரே லென்த், ஒரே வேகம். பையன் வரிசையாக கவர் டிரைவ் அடிப்பான். பார்க்க அழகுதான், வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கும் அனுப்பலாம். மேட்சில் அப்படிப் போட எந்த பௌலர் வரப்போகிறான்?

கோச்சாக நான் செய்வது வேறு. த்ரோ டவுனில் ஒன்று காலடியில் விழும், அடுத்தது நெஞ்சுக்கு எழும்பும், மூன்றாவது தயங்கித் தயங்கி வரும். நடுவில் நனைத்த டென்னிஸ் பந்து ஒன்று சறுக்கிக்கொண்டு போகும். பையன்கள் பாதியைத் தவறவிடுவார்கள். "ஸ்டைலே கெட்டுப்போகுது சார்" என்று உடனே புகார் வரும்.

1994இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கூடுதல் பயிற்சியாக ஒரு குழுவுக்கு மூன்று வகைப் பந்துகளை வகைக்குப் பதினைந்தாக வரிசையாகப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகளைக் கலைத்துப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து, அடுத்து எது வரும் என்று தெரியாத தேர்வில், வரிசைக் குழுவின் முன்னேற்றம் சுமார் 25 சதவீதம். கலைத்து ஆடியவர்களுக்கு 57.

காரணத்தை 1920களிலேயே மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர் தொட்டுவிட்டார். கைதேர்ந்த கொல்லர்கள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்துப் பார்த்தார். தோளும் முழங்கையும் அடிக்கு அடி கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. சுத்தியல் மட்டும் குறியில் விழுந்தது. ஒரே அசைவை நகலெடுப்பதல்ல தேர்ச்சி. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடுவதுதான். பிராட்மேன் சிறுவயதில் ஸ்டம்பை மட்டையாக்கி, தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை அடித்துப் பழகினார். அது எந்தக் கோணத்தில் திரும்பும் என்று அவருக்கே தெரியாது. நம்ம அஸ்வினின் சொடக்கு பந்தும் சென்னைத் தெருவில், டென்னிஸ் பந்தில் பிறந்ததுதானே!

மட்டை பிடிக்கவே தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்குக் கொஞ்ச நாள் ஒரே மாதிரி போடத்தான் வேண்டும். அதையே பதினைந்து வயதுவரை இழுப்பதுதான் கொடுமை.

படித்த பள்ளிக்கு மெஷின் வாங்கித்தர நினைக்கும் முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பணத்தில் இடதுகை, லெக் ஸ்பின், நெட்டை என்று உள்ளூர் பௌலர்கள் நாலு பேருக்குச் சாயங்காலப் படி கொடுங்கள்.