அச்சிடாமல் விட்ட பக்கங்கள்

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் கரும்பு வெட்டிய ஆபிரிக்க அடிமைகளுக்கென்றே தயாரித்தது. எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்த இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறிய கதையை அதில் காணோம். எஜமானுக்கு அடங்கி நடக்கச் சொல்லும் பகுதி பத்திரமாக இருந்தது. எந்தப் பக்கம் ஆபத்தானது என்று அச்சிட்டவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. மலையகத்தில் 1854இல் தொடங்கிய 'தமிழ் கூலி மிஷ'னுக்குக் கோப்பித் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். அதனால் வந்த எழுத்தறிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்த துரை பதிலுக்கு என்ன எதிர்பார்த்திருப்பார்?

அதே வேதத்தை நியாசலாந்தில் (இன்றைய மலாவி) ஜோன் சிலெம்ப்வே என்ற ஆபிரிக்கப் போதகர் வேறு கண்ணோடு வாசித்தார். தோட்ட நிலத்தில் குடியிருப்பதற்கு வாடகையாக உழைத்துக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம், 'தங்காத்தா' என்பார்கள். சிலெம்ப்வேயின் சபையார் தோட்டத்துக்குள் கட்டிய ஜெபவீடுகளைத் துரை கொளுத்தினார். 1915 ஜனவரியில் கிளர்ச்சி வெடித்தது. அந்தத் துரை கொல்லப்பட்டார். பெப்ரவரி தொடக்கத்தில் சிலெம்ப்வேயும் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று மலாவியில் ஜனவரி 15 அவர் பெயரில் விடுமுறை.

பள்ளிவாசல்துறைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வைக்கோல் கொடுக்காமல், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்ற பார்வோனை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.