கோயில் வளவில் ஒரு கீரைப்பாத்தி



மடு மாதா திருநாள் முடிந்து வீடு திரும்புகிறவர்களின் பையில் செபமாலை இருக்கும், மெழுகுதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் இருக்கும். இவற்றோடு லேஞ்சி முனையில் முடிந்த ஒரு பிடி மண்ணும் இருக்கும். பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி எடுத்துச் செல்லும் மடு மண் அது. தமிழரும் சிங்களவரும் குனிந்து அள்ளும் அந்த மண்மேல் நம் மக்களுக்கு எவ்வளவு பற்று! அந்தப் பற்றில் கொஞ்சம் நம்முடைய பங்குக் கோயில்களின் வளவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

மன்னாரில் நம் ஆலயங்களின் கதை, இடிந்து இடிந்து எழும்பிய கதை. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை மன்னார்த் தீவில் வெட்டிக் கொன்றது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டுக்கே தடை வந்தது. 1670இல் 20 குடும்பங்கள் மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. போய்ச் சேர்ந்த இடம் மருதமடு, அதாவது நம் மடு. ஆயர் பொன்ஜீன் அங்கே பெரிய ஆலயத்துக்கு வழிசெய்தது 1872இல். மாதாவுக்கு முடி சூட்டியது 1924 யூலை 2இல். அந்தப் பெரிய ஆலயம் எழும்புமுன் இரண்டு நூற்றாண்டுகளாக அன்னையையும் அவள் பிள்ளைகளையும் மறைத்துக் காத்தவை அந்தக் காட்டு மரங்கள்.

போர்க்காலத்திலும் அதே மரங்கள்தான். ஊரிழந்து வந்த ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் ஆலயத்தைச் சுற்றிக் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். 1999 நவம்பர் 20 இரவு அங்கே விழுந்த எறிகணைகளில் 40 பேர்வரை மாண்டார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. 2008 ஏப்ரலில் சண்டை வாசலுக்கே வந்தபோது, குருக்கள் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு கடலோரத் தேவன்பிட்டிக்குப் போனார்கள். சில மாதங்களில் அன்னை திரும்பி வந்தாள். கூரையும் சுவரும் திருத்தப்பட்டன. சுற்றியிருந்த நிலத்தில்தான் வேலை மெதுவாக நடந்தது. கண்ணிவெடி அகற்றாமல் ஒரு கன்றுகூட நட முடியாது அல்லவா?

கட்டடத்தைத் திருத்துவதோடு ஒரு திருத்தலத்தின் புனரமைப்பு முடிந்துவிடாது. அடியார் உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் நிலத்தில் பசுமையும் திரும்பினால்தான் அது நிறைவடையும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கெபியைப் புதுப்பிக்கக் காசு சேர்ந்தால் முதலில் வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று நின்ற மரத்தைத் தறிக்கிறோம். பிறகு வாசலிலிருந்து மதில்வரை சீமெந்துக் கல் பதிக்கிறோம். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. மத்தியான வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் ஒரு கிழவியின் காலைக் கேட்டால் தெரியும்.

வேறெந்த ஊரையும்விட மன்னார்த் தீவில் இப்படி நிலத்தை மூடுவது பெரிய இழப்பு. இங்கே ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. நம் கிணறுகளில் அள்ளுவது அதைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். மழை இறங்கும் நிலத்தைச் சீமெந்தால் மூடினாலோ, வரவேண்டிய தண்ணீர் தெருவோடு ஓடிவிடும். கனிய மணல் அகழ்வுக்கு எதிராக 2025இல் மன்னார் மக்கள் வீதியில் நின்றபோது குருக்களும் கூட நின்றார்கள். அவர்கள் காக்க நின்ற மண்ணில் கோயில் வளவும் ஒரு துண்டு.

அந்த வளவில் மரமும் மரக்கறியும் வைப்போம் என்றால், இந்த மண்ணில் என்ன முளைக்கும் என்று சலிக்கிறவர்கள் பள்ளிமுனைக்குப் போய் அந்தப் பெருக்க மரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்த மரம் பல நூற்றாண்டாக இதே மணலில்தான் நிற்கிறது. மரக்கறிக்கு மட்டும் கொஞ்சம் வேலை வேண்டும். முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, காய்ந்த பனையோலையும் பூவரசங்குழையும் போட்டு, மேலே மாட்டெருவும் மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். ஓலை உக்கும்வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கரையில் ஒதுங்கும் கடற்சாதாழையும் நல்ல பசளைதான். ஆனால் மழையில் நனையவிட்டு உப்புப் போன பிறகே போட வேண்டும். சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளி வந்து குருத்தைக் கருக்கும். அதனால் கிடுகு வேலி அவசியம். ஆட்டுக்கும் நம்மூர்க் கழுதைகளுக்கும் அதே வேலிதான் காவல். வேலியோரம் கிளுவைக் கதியால் நட்டுவிட்டால் கிடுகு உக்கும்போது உயிர்வேலி வந்துவிடும். அதன் பிறகு முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டி, பயற்றை எல்லாம் வரும். திருமுழுக்குத் தொட்டியைக் கழுவும் தண்ணீர்கூட ஒரு மரத்தடிக்குப் போகலாம்.

கோயில் வளவில் தோட்டம் என்பது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. மடத்துக்குள்ளேயே தண்ணீரும் தோட்டமும் இருக்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டிலேயே ஒழுங்கு எழுதி வைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14இல் மடுவுக்கு வந்து அன்னையின் திருச்சொரூபத்தைக் கையில் ஏந்தி நம்மை ஆசீர்வதித்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான், பூமியை நம் பொது இல்லம் என்று சொல்லும் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் கையொப்பமிட்டார்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐயும் நினைத்துப் பாருங்கள். உரமில்லை, எரிபொருள் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். பசி வந்த பிறகு விதை தேடினால் பிந்திவிடும். கடலுக்குப் போகமுடியாத கிழமைகளில், பங்கிலுள்ள ஒரு விதவையின் வீட்டுக்கு ஒரு பிடி முருங்கையிலையும் நாலு கத்தரிக்காயும் போய்ச் சேருமானால், அது பூசைக்குப் பின் நடக்கும் இன்னொரு பகிர்வு. தோட்டத்தைப் பங்குத்தந்தையின் தலையில் கட்டிவிடாதீர்கள். சுவாமிமார் சில ஆண்டுகளில் மாறிப் போவார்கள்; மரம் ஊரோடு இருக்கும். கிழமைக்கு ஒரு அன்பியம் என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் யாருக்கும் பாரமில்லை. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்றைக் கொடுத்துவிட்டால், தண்ணீர் ஊற்ற நாம் நினைவுபடுத்த வேண்டியதே இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே கிடங்கு வெட்டி முடிக்க வேண்டும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் கோயில் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்த மூலை வெறுமையாகக் கிடக்கிறது, கிணற்றில் தண்ணீர் எப்படி, யாரிடம் விதை இருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். விதை மிச்சமுள்ள பங்கையும் விதை வேண்டிய பங்கையும் அடுத்த இதழிலேயே இந்தப் பக்கத்தில் சேர்த்துவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்