எடுக்க முடியாமல் போன படம்



போன மாதத் தபாலில் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. மூன்று பக்கம், நுணுக்கமான கையெழுத்து. செவிலியர் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறவர். சீட்டுப் போட்டு எடுத்த 60 ஆயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. கேமரா வாங்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்து ஆசை. கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார், யூடியூபில் ஒருவர் இன்னொன்றைச் சொல்கிறார், கூட வேலை பார்ப்பவரின் தம்பி மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். “நீங்கள் சொல்வதைத்தான் வாங்குவேன். அதுவரை பணத்தைத் தொடமாட்டேன்” என்று முடித்திருந்தார். செல்போனில் எடுத்த நான்கு படங்களைப் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ல் அந்தத் தேதியில்தான் டாகுவேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையை பிரெஞ்சு அரசு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அந்த நாள் வருகிற இந்த மாதத்தில், அவருக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் நிறைய.

முதலில் அந்த நான்கு படங்கள். ஒன்றில் பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறார். இன்னொன்றில் அப்பா சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். மூன்றாவதில் பூக்கடை அக்காவின் விரல்கள். நான்காவது, ஏரிக்கரையில் இருந்து எடுத்த நீர்க்காகம். அந்தப் பறவை ஒரு மிளகு அளவுக்குத்தான் தெரிகிறது.

பாட்டியின் படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதியிருந்தார்: “அரிசி கோடு கோடாக இழுத்துவிட்டது. நல்ல கேமராவாக இருந்தால் மணி மணியாகத் தெரியுமா?”

இந்தக் கேள்வியில் அவர் தேடும் பதில் பாதி இருக்கிறது. அந்தப் படம் எடுத்தது சாயங்காலம், சமையலறையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில். முறத்திலிருந்து ஓர் அடி உயரம் எழும்பும் அரிசி, திரும்பி விழும்போது நொடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெளிச்சம் போதாததால் போன் தன் ஷட்டரை 1/30 நொடி அளவுக்குத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் அரிசி எட்டு சென்டிமீட்டர் பயணம் போய்விடும். அதுதான் கோடு. 1/1000 நொடி கிடைத்தால் அதே அரிசி இரண்டரை மில்லிமீட்டர்தான் நகரும், மணியாக நிற்கும்.

அந்த 1/1000 நொடியை எங்கே வாங்குவது? வெளிச்சம் அதிகம் வாங்கும் எஃப்/1.8 லென்ஸ், கேமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப்/5.6-ஐவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் சமையலறையில் இருந்து முற்றத்து வெயிலுக்குப் பத்து அடி நடந்தால் கிடைப்பது பல நூறு மடங்கு. அதற்கு ஒரு ரூபாயும் ஆகாது.

அவருக்கு எழுதினேன்: “காலை எட்டு மணிக்கு முற்றத்தில் புடைக்கச் சொல்லுங்கள். வெயில் பாட்டிக்குப் பின்னாலிருந்து வரட்டும். பின்னணியில் இருட்டான அறையின் வாசல் இருக்கும்படி நீங்கள் நில்லுங்கள். அதே போன் போதும்.”

பத்து நாளில் படம் வந்தது. இருண்ட வாசலுக்கு முன்னால் அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக, விளிம்பில் வெயிலோடு நிற்கிறது. உமித்தூள் ஒரு பக்கமாகப் புகைபோல் சாய்ந்திருக்கிறது. பாட்டியின் முகம் பாதி நிழலில், கண் முறத்தில். கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார். காலையில் புடைக்கச் சொன்னதும் பாட்டி, “காலையில புடைச்சாத்தான்டி கல்லு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாதா உனக்கு?” என்றாராம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தால் எது தெரியும் என்பது அறுபது வருடமாக அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீர்க்காகத்தின் கதை வேறு. அந்தப் படத்துக்கு எத்தனை அடி நடந்தாலும் பயனில்லை. நடுவில் தண்ணீர் இருக்கிறது. வேடந்தாங்கல் போனவர்களுக்குத் தெரியும். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள், கரையில் நாம். அங்கே 400 மில்லிமீட்டர் அளவிலான லென்ஸ் உண்மையிலேயே வேண்டும். இது கருவியின் குறை, அவருடைய குறை இல்லை.

ஆக, அந்தக் கவரில் இரண்டு கெட்டுப்போன படங்கள் இருந்தன. ஒன்றைக் காசில்லாமல் சரிசெய்ய முடிந்தது. மற்றதற்குக் காசு வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கேமரா வாங்கும் குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நோட்டு போடுங்கள். எடுத்த படங்களுக்கு வேண்டாம். எடுக்க முடியாமல் போன படங்களுக்கு. தேதி, என்ன படம், ஏன் தவறியது என்று ஒரு வரி. மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். “இருட்டில் அசைந்துவிட்டது”, “எட்டவில்லை” என்று எழுதியவை ஒரு பக்கம் சேரும். “கேட்கக் கூச்சமாக இருந்தது”, “எங்கே நிற்பது என்று தெரியவில்லை”, “ஒரு நிமிஷம் காத்திருக்கவில்லை” என்பவை இன்னொரு பக்கம் சேரும். முதல் பக்கத்துக்குக் கடையில் மருந்து இருக்கிறது. இரண்டாவது பக்கம் நாம் வேலை செய்ய வேண்டிய பக்கம்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த இயற்கையியலாளர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு யானைப் படங்களின் முன்னால் இன்றும் நின்று பார்க்கிறோம். அவர் வைத்திருந்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸ், மற்ற உதிரிகள் என்று அவரே சேர்த்துக் கட்டியது.  ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். காட்டுக்குள் போய் என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, அதற்கேற்ற கருவியைத் தன் கையால் பொருத்திக்கொண்டார். தேவை முன்னால் போயிற்று. கேமரா பின்னால் வந்தது.

சரி, நோட்டு எழுதியாயிற்று, வாங்கத்தான் வேண்டும் என்றால்?

அந்த வாசகியின் நான்கு படங்களில் மூன்று, வேலை செய்யும் மனிதர்களின் கைகள். அவர் மனம் எங்கே நிற்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. அதனால் பறவை லென்ஸை இப்போதைக்கு ஒத்திவைக்கச் சொன்னேன். நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று, எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்று, மீதியை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். 50 மி.மீ. எஃப்/1.8 பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. தொடக்க நிலைக் கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால், அதில் 50 மி.மீ. என்பது 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், முகங்களுக்கு நல்லது. சிறிய அறைக்குள் எடுப்பவர் 35 மி.மீ. வாங்கலாம். பணம் முழுவதையும் கேமரா உடலில் போட்டுவிட்டு லென்ஸுக்குக் கையை விரிக்க வேண்டாம். உடல் சில வருடங்களில் பழசாகும். நல்ல லென்ஸ் அதற்கு அடுத்த உடலுக்கும் வரும்.

இப்போது புதிதாக வருபவை பெரும்பாலும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்கள். அதனால் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர்கள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள அவை தாராளமாகப் போதும். கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-ல் வந்தது, நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது என்பதால் அவற்றுக்குப் பழைய லென்ஸ்கள் ஏராளம். ஓர் எச்சரிக்கை: நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் உடலுக்குள் இல்லை. பழைய ‘ஏஎஃப்-டி’ லென்ஸ் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் மூன்று சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். தொடக்க நிலைக் கேமராவுக்கு ஒரு லட்சம் என்பது பொதுவான ஆயுள் கணக்கு. லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, எஃப்/16 வைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சென்சாரில் அழுக்கு இருந்தால் புள்ளியாகத் தெரியும். கடைசியாக, லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் உற்றுப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூஞ்சையைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் சம்பாதித்து வாங்கிய முதல் லென்ஸை, அழகாக இருக்கிறதே என்று அதன் தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது கண்ணாடிக்குள் வெள்ளை வேர் ஓடியிருந்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது அப்போது தெரியாது. துடைத்தும் கண்ணாடியின் பூச்சில் தழும்பு நின்றுவிட்டது. நம் கடலோர ஊர்களின் காற்றுக்கு, இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். நிறம் மாறும் ஜெல்லாகப் பார்த்து வாங்கினால் எப்போது சூடுகாட்ட வேண்டும் என்று அதுவே சொல்லும். அதைவிட நல்ல மருந்து, கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

இனி அந்த நோட்டின் இரண்டாவது பக்கம். கேமரா வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும்.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற மதராஸ் அரசாங்கப் புகைப்படக்காரர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் படமெடுத்தார். எழுத்து தெரிய வேண்டும் என்றால் அருகில் நிற்க வேண்டும். அருகில் நின்றால் சுவர் அடங்காது. அவர் சுவரோரமாகவே நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்கள். சேர்த்து ஒட்டியபோது 19 அடி நீளம். இன்றைக்குப் போனைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பனோரமா கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த நகரும் கால்கள், ஒவ்வொரு அடிக்கும் நின்று பார்க்கும் பொறுமை, அவை நமக்கும் வேண்டும்.

நான் கற்றது சித்தப்பாவின் பழைய யாஷிகா கேமராவில். மாதம் ஒரு ஃபிலிம் ரோல், 36 படம், அதற்குமேல் கட்டுப்படியாகாது. எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன் பிரிண்ட்களை மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு, “இதுல நீ எதைப் பாத்து எடுத்தே?” என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத படத்தைப் பேசாமல் கவிழ்த்து வைத்துவிடுவார். முதல் ரோலில் நான்கு படம்தான் முகம் காட்டிக் கிடந்தன. ஒரு வருடத்தில் அது பதினைந்து ஆயிற்று. அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். வாரத்துக்கு 36 படம் என்று வரம்பு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக் கழியுங்கள். மாதம் ஒரு படத்தையாவது பிரிண்ட் போடுங்கள். திரையில் தப்பித்த குறை காகிதத்தில் தெரியும். மெகாபிக்சல் கவலை வேண்டாம். ஏ4 அளவில் முழுப் பக்கம் தெளிவாக அச்சிட 87 லட்சம் பிக்சல் போதும். உங்கள் போன் பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். இன்னொரு பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். அடுத்த முறை அவர் முன்னால் கேமராவை எடுக்கும்போது உங்களுக்கும் கூச்சம் இருக்காது, அவருக்கும் இருக்காது.

இந்த மாதம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் இருக்கும் ஒரு செம்பு போதும். ஜன்னலோரம் வையுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு படம், உச்சிப் பொழுதில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. செம்பை நகர்த்த வேண்டாம், நீங்கள் நகருங்கள். வெயில் ஒரு பக்கமாக வரும்போதுதான் செம்பின் வயிறு உருண்டையாகும், பழைய நசுங்கல் எழுந்து நிற்கும். உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக வரும்போது எல்லாம் தட்டையாகிவிடும். பத்து நாள் பார்த்தபின் மனித முகத்துக்குப் போங்கள். அந்த முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறது என்று கண் தானாகத் தேடும்.

மூன்று படங்களையும் நம் முகவரிக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கி அச்சுக்கு உதவாது. நான்காவதாக, நீங்கள் ஆசைப்பட்டு எடுத்துக் கெட்டுப்போன ஒரு படத்தையும் சேர்த்து வையுங்கள். பின்னால் பென்சிலால் ஏன் என்று ஒரு வரி. அடுத்த மாதம் அந்த வரியிலிருந்து பேசத் தொடங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்