ரேகை தேய்ந்தவனுக்கு ஒரு சட்டமா?

பாங்கில் கணக்கு வைக்க ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. யாருக்கு? சர்க்காரிடம் சல்லிக்காசு கேட்க வேண்டாதவனுக்கு! மானியமும் உதவியும் பெறுகிறவனிடம் ஆதார் கேட்கலாம் என்று அதே தீர்ப்பு இடம் விட்டது. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலியையும் ஆதார் வழியே கட்டாயமாக்கியது மத்திய சர்க்கார். முகையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக் களை பறித்த விரலைக் கைமெஷினில் வைத்தால், ரேகை விழவில்லை என்கிறார்கள். உழைத்துத் தேய்ந்தது குற்றமா, தோழர்களே?

ஓட்டர் பட்டியலையும் விடவில்லை. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 6பி பாரம் கொண்டுவந்தார்கள். அதில் வழி இரண்டே: எண்ணைக் கொடு, அல்லது ஆதாரே இல்லையென்று எழுது. 'இருக்கிறது, தர விருப்பமில்லை' என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை! கட்டாயமில்லைதான் என்று 2023 செப்டம்பரில் தேர்தல் கமிஷனே கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. எண்களை வாரிக்கொண்ட பிறகு வந்த ஞானோதயம்!

2015-லும் இப்படித்தான், ஆதாரை இணைத்துப் பட்டியலைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள். ஆகஸ்டில் கோர்ட் நிறுத்தியது. 2018 டிசம்பரில் தெலுங்கானாவில் சாவடிக்குப் போன பலருக்குப் பெயரே இல்லை. தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை வைத்து ஓட்டுப் போட முடியுமா?

6பி பாரத்தோடு வருகிறவரிடம் நாம் கேட்போம்: கட்டாயமில்லை என்று தமிழில் அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் எண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை.